"அவரால ஒரு தொந்தரவும் இல்லைங்க"

வீட்டில் இருக்கும் வயதானவரைப் பற்றி யாராவது விசாரித்தால் நாம் பெருமையாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "அவரால ஒரு தொந்தரவும் இல்லைங்க. போட்டதைச் சாப்பிடுவாரு, கம்முனு உட்கார்ந்திருப்பாரு." டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்த என் மாமனாரைப் பற்றியும் எங்கள் சொந்தத்தில் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். பக்கத்துத் தெருவில் இதே நோய் வந்த பாட்டி ஒருவர் ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுகிறார், மருமகள் நகையைத் திருடிவிட்டாள் என்று தெருவில் நின்று சொல்கிறார். அதையெல்லாம் பார்த்தால் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று எல்லாருக்கும் எண்ணம்.

அந்த எண்ணத்தோடு எனக்கு வழக்கு இருக்கிறது. கத்துகிறவரை டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். தொலைந்து போகிறவருக்காகக் கதவுக்குப் பூட்டு போடுகிறோம், சட்டைப் பையில் விலாசம் எழுதி வைக்கிறோம். பேசாமல் உட்கார்ந்திருப்பவரை மட்டும் யாரும் எங்கேயும் கூட்டிப் போவதில்லை. அவர் உட்கார்ந்திருப்பதும் நோய்தான். டிமென்ஷியாவோடு வரும் நடத்தை மாற்றங்களில் மிக அதிகமாகக் காணப்படுவதே, எதையும் தானாகச் செய்யத் தோன்றாத இந்த ஊக்கமிழப்புதான். டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகையான அல்சைமர் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. சந்தேகப்படுவதையும் அலைவதையும் பற்றி எத்தனையோ பேசுகிறோம். அவற்றைவிடப் பரவலான இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மாமா ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவர். கணக்கு என்றால் பேரேடு எழுதுவது மட்டும் இல்லை. ஏலத்துக்கு வந்த மூட்டைகளைச் சுற்றி வருவார், விரல் போல நீண்ட விரலி மஞ்சள் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்ப்பார், விலை இவ்வளவுதான் போகும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பார். பெரும்பாலும் அது சரியாக இருக்கும் என்று அத்தை இன்றைக்கும் சொல்வார். வேலையிலிருந்து நின்ற பிறகும் காலையில் பேப்பர் வந்ததும் மஞ்சள் விலை போட்டிருக்கும் மூலையைத்தான் முதலில் தேடுவார். விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை, போன வாரத்துக்கும் இதற்கும் குவிண்டாலுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று யாரையாவது பிடித்து வைத்துச் சொல்ல வேண்டும் அவருக்கு.

முதலில் நின்றது அந்தப் பேப்பர்தான். போட்டது போட்டபடி மடித்தே கிடக்கும். அப்புறம் டீ கேட்பது நின்றது. சாயங்காலம் நடைக்குப் போவது நின்றது. துண்டை எடுத்துக் கையில் கொடுத்தால்தான் குளிப்பார். டிவியில் என்ன ஓடினாலும் பார்த்துக்கொண்டிருப்பார், சேனலை மாற்றச் சொல்ல மாட்டார், நிறுத்தினாலும் ஏன் என்று கேட்க மாட்டார். மறதி அதற்கப்புறம்தான் வந்தது, அல்லது அப்புறம்தான் எங்கள் கண்ணில் பட்டது. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். வேலையை விட்ட சோர்வு என்றார் என் கணவர். வயசானால் அப்படித்தான் என்றார் சின்ன மாமனார். "பக்குவம் வந்துடுச்சு, எதிலயும் பற்று வைக்கறது இல்ல" என்று கும்பிட்டுவிட்டுப் போன உறவினரும் உண்டு.

அத்தைக்கு மட்டும் அது அப்படிப் படவில்லை. அவருக்கு அது வலித்தது. அந்தச் சமயத்தில் அத்தையின் அண்ணன் காலமானார். காரியமெல்லாம் முடிந்து அத்தை பெருந்துறையிலிருந்து திரும்பி வந்தார். மாமா வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மைத்துனர் போய்விட்டார் என்பது அவருக்குத் தெரியும், கேட்டால் பெயரைச் சொல்லி, "ஆமா, போயிட்டாரு" என்பார். ஆனால் வந்த மனைவியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தில் எதுவும் இல்லை. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார், ஏதாவது சொல்வார் என்று காத்திருந்த மாதிரி. பிறகு உள்ளே போய் என்னிடம் சொன்னார்: "ஏங்கண்ணு, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன். என் கூடப் பொறந்தவன் போயிட்டான், ஒரு வார்த்தை கேக்கலையே இந்த மனுஷன். மனசு கல்லாப் போச்சா?"

இந்தக் கேள்வியை அத்தையைப் போல எத்தனை பெண்கள் கேட்டிருப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன். மறதியைக் குடும்பம் மன்னித்துவிடும். பெயரை மறந்தால், வழியை மறந்தால், பாவம் நோய் என்று சொல்ல எல்லாருக்கும் தெரியும். நினைவு இருக்கிறது, அக்கறை மட்டும் இல்லை என்றால் அது குணம் என்றுதான் தோன்றும். திமிர், பிடிவாதம், பாசம் இல்லாதவர் என்றெல்லாம் பெயர் வந்துவிடும். மூளையின் முன்பக்கத்து நெற்றி மடலும் பக்கவாட்டுப் பொட்டு மடலும் சுருங்குகிற வகை டிமென்ஷியாவில் இது இன்னும் கொடுமை. அது பல நேரம் அறுபது வயதுக்கு முன்பே வந்துவிடுகிறது. நினைவாற்றல் கெடுவதற்கு முன்னால் ஊக்கமும் அக்கறையும் போய்விடும். ஐம்பத்தைந்து வயது ஆள் அலுவலகத்தில் ஃபைலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் சோம்பேறி என்பார்கள், மெமோ கொடுப்பார்கள். மூளையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

நாங்கள் முதலில் பார்த்த டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். இரண்டிலும் ஆள் எதிலும் கலந்துகொள்ள மாட்டார். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. ஆனால் மனச்சோர்வில் துக்கம் இருக்கும். நான் எதற்கும் லாயக்கில்லை, பாரமாகிவிட்டேன், இனி என்ன இருக்கிறது என்ற எண்ணம் இருக்கும், அழுகை வரும், தூக்கம் கெடும். ஊக்கமிழப்பில் அந்தத் துக்கமே இருக்காது. கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பார்கள், அது அவர்களைப் பொறுத்தவரை உண்மை. வேதனை முழுக்கப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான். இந்த வேறுபாடு தெரியாமல் போனால் நஷ்டம் உண்டு. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகள் சிலருக்கு இந்த மந்தத்தைக் கூட்டவும் செய்கின்றன என்பது மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிற விஷயம்.

அப்புறம் கோயம்புத்தூரில் பார்த்த நரம்பியல் மருத்துவர் மாமாவிடம் பேசியதைவிட அத்தையிடம் பேசியது அதிகம். "அவரா எதையாவது ஆரம்பிக்கிறாராம்மா? அவரா வந்து உங்ககிட்ட பேச்சுக் கொடுக்கிறாரா? பேரன் பேத்தி என்ன செய்யறாங்கன்னு கேக்கிறாரா? முன்னாடி பிடிச்சதெல்லாம் இப்பவும் பிடிக்குதா?" ஒவ்வொன்றுக்கும் அத்தை இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் குறிப்பெடுத்துக்கொண்டு, இதற்கு அபதி, அதாவது ஊக்கமிழப்பு, என்று பேர், மறதி மாதிரி இதுவும் நோயோட அறிகுறிதான் என்றார். 1994ல் அமெரிக்க நரம்பியலாளர் ஜெஃப்ரி கம்மிங்ஸும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஒரு வினாத்தொகுப்பு இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மாயக்காட்சி, கோபம், பதற்றம் இவற்றோடு இந்த ஊக்கமிழப்பும் அதில் ஒரு தலைப்பு. அந்தக் கேள்விகள் கேட்கப்படுவது கூட இருப்பவரிடம். இந்தக் குறையை நோயாளி தானாக வந்து சொல்ல மாட்டார், அவருக்கு அது குறையாகத் தெரிவதில்லை என்பதால் அது சரியான முறை. நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டருக்குத் தெரிய வழியில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ராபர்ட் மாரின் என்ற மனநல மருத்துவர் 1990களின் தொடக்கத்தில் இதைத் தனி நிலையாகப் பிரித்துக் காட்டினார், அளந்து பார்க்க ஒரு அளவுகோலும் உருவாக்கினார். 2006ல் ரிச்சர்ட் லெவி, புரூனோ டுபுவா என்ற இரண்டு பிரெஞ்சு நரம்பியலாளர்கள் எழுதிய கட்டுரை எனக்கு மாமாவைப் புரிய வைத்தது. ஒரு காரியத்தைத் தானாகச் செய்ய மூன்று விஷயம் கூடி வர வேண்டும். அது வேண்டும் என்று மனசில் பட வேண்டும். எப்படிச் செய்வது என்று வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு உடம்பை உசுப்பிக் கிளப்ப வேண்டும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதியும், மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்திரள்களும் பின்னிக்கொண்டு இந்த மூன்றையும் நடத்துகின்றன. அந்தப் பின்னலில் எங்கே அறுந்தாலும் ஆள் உட்கார்ந்துவிடுவார். ஒருவருக்கு ஆசையே எழாது. ஒருவருக்கு அடுத்த படி என்ன என்று தெரியாது. இன்னொருவருக்கு எல்லாம் இருந்தும் கிளம்ப வராது.

இந்தக் கடைசி வகையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 1980களில் லாப்ளான் என்ற பிரெஞ்சு மருத்துவரின் குழு, அடித்திரள்களில் சேதம் ஏற்பட்ட சில நோயாளிகளைப் பற்றி எழுதியது. ஒருவருக்குக் குளவி கொட்டியதன் விளைவாக வந்த சேதம். கைகால் நன்றாக இருந்தது, அறிவு பெரிதாகக் கெடவில்லை. ஆனால் தானாக எதுவும் செய்ய மாட்டார்கள், அப்படியே இருப்பார்கள். யாராவது பக்கத்திலிருந்து தூண்டினால் கொடுத்த வேலையைச் செய்துவிடுவார்கள். தூண்டுவதை நிறுத்தினால் பழையபடி. என்ன யோசித்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பார்கள். மாமாவுக்கு வந்தது வேறு நோய், சேதமும் வேறு. இருந்தாலும் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் "என்னங்க மாமா யோசனை?" என்று கேட்டால் எனக்குக் கிடைக்கும் பதிலும் அதுதான். "ஒண்ணுமில்ல அம்மிணி." ஏதோ மனசில் வைத்துக்கொண்டு மறைக்கிறார் என்று அத்தை நினைத்துக்கொண்டிருந்தார். மறைக்க ஒன்றும் இல்லை, அவர் சொல்வது நிஜம் என்று அத்தையிடம் எடுத்துச் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலா கூடுதல் துக்கமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "வேணும்னே பண்றாரு" என்று சொல்வதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டார்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்துவரும் நரம்பியலாளர் மசூத் ஹுசைன் போன்றவர்கள் இதை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். எந்தக் காரியத்துக்கும் மூளை ஒரு கணக்குப் போடுகிறது, எவ்வளவு பாடு, எவ்வளவு பலன் என்று. நலமாக இருக்கும்போது பலன் பெரிதாகத் தெரிகிறது, எழுந்துவிடுகிறோம். இந்த நோயில் பலனின் பக்கம் மங்கிப் போகிறது, பாடு மட்டும் மலையாகத் தெரிகிறது. கணக்கே தொழிலாக இருந்த மனிதருக்கு இந்தக் கணக்குத் தப்பிப் போனது எனக்குத் தாங்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்?

பொங்கல் முடிந்த பிறகு என் கணவரின் நண்பர் வீட்டு வயலில் விளைந்த மஞ்சள் கொஞ்சம் வந்தது, அரைத்து வைக்க. பை நிறைய விரலியும் கிழங்கும் கலந்து கிடந்தது. "மாமா, இதைப் பிரிச்சுக் கொடுக்கறீங்களா?" என்று கேட்டிருந்தால் பதில் வேண்டாம் என்றுதான் வந்திருக்கும். எதைக் கேட்டாலும் வேண்டாம் என்பதே பதில், அதில் யோசனை ஏதும் கிடையாது. அதனால் கேட்கவில்லை. முறத்தை அவர் மடியில் வைத்தேன், இரண்டு கை மஞ்சளைக் கொட்டினேன், நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழங்கை அவர் கையில் வைத்து, என் கையால் அவர் கையைப் பிடித்து இந்தப் பக்கம் போட்டேன். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதை அவரே போட்டார். அப்புறம் விரல்கள் தாமாகவே போயின. குண்டான கிழங்கு இடது பக்கம், நீண்ட விரலி வலது பக்கம், பூச்சி அரித்தது முறத்தின் ஓரத்துக்கு. ஓரத்துக்குத் தள்ள வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. நடுவில் ஒரு விரலியை எடுத்து இரண்டு கையாலும் ஒடித்தார். நன்றாகக் காய்ந்த மஞ்சள் சுள்ளென்று சத்தம் போட்டு ஒடியும். இது வளைந்து கொடுத்து மெதுவாக முறிந்தது. முறிந்த இடத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் பத்தல" என்றார். இன்னும் நாலு நாள் வெயிலில் போட்டிருக்க வேண்டிய சரக்கு அது. வெகு நாளைக்குப் பிறகு யாரும் கேட்காமல் அவராகச் சொன்ன வார்த்தை.

எங்கள் ஊர்ப்பக்கம் கிணற்று மோட்டாருக்கு முதலில் குடத்துத் தண்ணீரை ஊற்றி நிரப்பினால்தான் அது கிணற்றுத் தண்ணீரை இழுக்கும். மாமாவுக்கும் முதல் குடம் வெளியிலிருந்து ஊற்ற வேண்டும். இந்த நோய் உள்ள வீடுகளில் இதைத் தெரிந்துகொண்டால் பல சண்டைகள் குறையும் என்று நினைக்கிறேன். "ஏதாவது செய்யுங்களேன், சும்மா உட்கார்ந்தா எப்படி?" என்று சொல்வதால் பயனே இல்லை. எதையாவது என்று யோசித்துத் தேர்ந்தெடுக்கும் இடமே பழுதாகிக் கிடக்கிறது. "வாக்கிங் போலாமா?" என்பதும் வேலைக்காகாது. செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்து, கையைப் பிடித்து, "வாங்க மாமா, பால் வாங்கிட்டு வந்துடலாம்" என்றால் எழுந்து வருகிறார். வந்த பிறகு நன்றாகவே நடக்கிறார். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தினமும் அதே வேலை என்று இருப்பது நல்லது. என்ன செய்வது என்று யோசிக்கும் பாரம் அவரிடமிருந்து நேரத்துக்கு மாறிவிடுகிறது.

ஆளுக்கு ஏற்ற வேலை என்பதும் முக்கியம். அமெரிக்காவில் லாரா கிட்லின் என்பவரின் குழு, ஒவ்வொருவரும் முன்பு என்ன செய்தார், இப்போது என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற வேலைகளை அமைத்து, வீட்டில் இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு திட்டத்தை உருவாக்கியது. 2008ல் அதன் முதல் முடிவுகள் வந்தன, நோயாளிகளின் ஈடுபாடு கூடியிருந்தது. பிறகு வேறு நாடுகளிலும் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் டிமென்ஷியாக்காரர்களுக்கு என்று பிளாஸ்டிக் புதிர்க்கட்டைகளும் குழந்தைகளின் வண்ணம் தீட்டும் புத்தகமும் வாங்கி வருகிறார்கள். எழுபத்தெட்டு வயதுக் கணக்குப்பிள்ளையிடம் யானைக்கு வண்ணம் தீட்டச் சொல்வது எனக்குச் சம்மதமே இல்லை. பல வருஷம் கை பழகிய வேலை மூளையில் வேறு வழியில் பதிந்திருக்கிறது, நேற்று நடந்தது மறந்த பிறகும் அது வெகுநாள் இருக்கும். அதைத் தேடி எடுத்துக் கொடுங்கள்.

மாத்திரை கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெதில்ஃபெனிடேட் என்ற, மூளையைத் தூண்டும் மருந்தை அல்சைமர் வந்த 200 பேரிடம் ஆறு மாதம் பரிசோதித்த அமெரிக்க ஆய்வு 2021ல் வெளிவந்தது. ஊக்கத்தில் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் சிறிய அளவில். நினைவாற்றலில் மாற்றம் தெரியவில்லை. எடை குறைவது போன்ற பக்க விளைவுகள் உள்ள மருந்து அது, டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, காது கேளாமை, சொல்லத் தெரியாத மூட்டு வலி, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகள். இவற்றில் எதுவும் ஆளை இப்படி உட்கார வைத்துவிடும். மாமாவுக்கு ஒரு காதில் அழுக்கு அடைத்திருந்தது, எடுத்த பிறகு கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதாவது நடக்கிறது.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது என்று 2023ல் வந்த ஒரு நாடளாவிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அதில் இப்படி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை லட்சம் இருப்பார்கள்! நம் வீடுகளில் இதைக் கண்டுபிடிப்பது கடினம், அதற்கு நம் மரியாதையே ஒரு காரணம். மாமனார் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனால், "நீங்க உட்காருங்க மாமா, நான் கொண்டாறேன்" என்று ஓடுவதுதான் நல்ல மருமகள் என்று வளர்க்கப்பட்டவள் நான். கேட்காமலே டீ வரும், தட்டு வரும், கை கழுவும் தண்ணீர்கூடப் பக்கத்தில் வரும். ஒன்றுமே செய்ய வேண்டாத இடத்தில் ஒருவர் செய்ய முடியாமல் போனது எப்படித் தெரியும்? ஊக்கம் இழந்தவர்கள் அன்றாட வேலைகளிலும் மற்றவர்களைவிட வேகமாகப் பின்தங்குகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. செய்யாமல் விட்ட வேலை கொஞ்ச நாளில் மறந்தே போகிறது. இப்போது மாமாவின் தண்ணீர்ச் சொம்பு நாலடி தள்ளி இருக்கிறது. வந்து பார்க்கும் சொந்தக்காரர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "பெரியவரை வேலை வாங்கறாங்க" என்று ஒருவர் அத்தை காதுபட சொல்லிவிட்டுப் போனார்.

அதற்காக விடிந்ததிலிருந்து படுக்கும்வரை அவரை ஆட்டிவைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கவும் மனுஷனுக்கு உரிமை உண்டு. கையைத் தட்டிவிட்டால், முகம் சுளித்தால் அன்றைக்கு விட்டுவிடுகிறோம். நோய் முற்றியவர்களுக்கு ஒரு பாட்டு, வெந்நீர்த் துணியால் கை துடைப்பது, அதுவே போதும். எவ்வளவு தூண்டலாம், எங்கே நிறுத்தலாம் என்பதை அவரவர் வீட்டில்தான் கண்டுகொள்ள முடியும்.

உண்மையில் தீர்வு தெரியாமல் நாங்கள் நிற்பது வேறொரு இடத்தில். ஒவ்வொரு முறையும் யாராவது தொடங்கி வைக்க வேண்டும் என்றால் அந்த யாராவது பெரும்பாலும் நானும் அத்தையும்தான். அத்தைக்கு முழங்கால் வலி. எனக்கு மத்தியானம் தையல் வேலை இருக்கிறது. நன்றி சொல்லாத, சிரிக்காத, ஏன் என்றுகூடக் கேட்காத ஒருவருக்காகத் திரும்பத் திரும்ப ஆரம்பிப்பது உடம்பைவிட மனசைத்தான் களைக்க வைக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகள் இந்த நோய் உள்ள குடும்பங்களுக்குத் துணை நிற்கின்றன. அந்த மாதிரி பகலில் கொண்டுபோய் விடக்கூடிய இடம் எங்கள் தெருவிலிருந்து ஆட்டோ தூரத்தில் இல்லை.

அதனால் சொந்தக்காரர்களிடம் நேராகவே கேட்க ஆரம்பித்திருக்கிறோம். வரும்போது ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வேண்டாம். "என்னைத் தெரியுதா?" என்று பரீட்சை வைக்கவும் வேண்டாம். வந்தால் செருப்பை எடுத்து மாமா காலடியில் வையுங்கள், பால் கடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். சின்ன மாமனார் செவ்வாயும் வெள்ளியும் ஒத்துக்கொண்டிருக்கிறார். மற்ற நாட்களுக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.